கட்டியில் இல்லாத புரதம்



கடந்த மாதம் வந்த கடிதங்களுள் ஒன்று என்னை வெகுநேரம் சிந்திக்க வைத்தது. எழுதியவரின் பெயரும் ஊரும் வேண்டாம். அவருடைய ராத்தாவுக்கு வயது 42. பெருங்குடலில் கட்டி கண்டு, சத்திரசிகிச்சை செய்து, வெட்டியெடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வந்த அறிக்கையில், எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 என்ற இரண்டு புரதங்களும் கட்டியில் காணப்படவில்லை என்று ஒரு வரி இருந்ததாம். அவர்களுடைய உம்மா 48 வயதில் கருப்பைப் புற்றுநோயால் வபாத்தானவர். உம்மாவின் சகோதரர் ஒருவரும் குடல் நோயால்தான் மௌத்தாகியிருக்கிறார். "டொக்டர் மற்றச் சகோதர சகோதரிகளையும் வரச் சொல்கிறார். வீட்டுப் பெரியவர்களோ, மூன்று குமர்ப் பிள்ளைகள் இருக்கிற வீடு, வெளியில் ஒரு சொல் போகக்கூடாது என்கிறார்கள். முட்டையும் பருப்பும் கூடுதலாகக் கொடுத்தால் அந்தப் புரதம் வந்துவிடாதா? நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார் அந்தச் சகோதரி.

மௌலவியிடம் கேட்கும் கேள்வியா இது என்று சிலர் நினைக்கலாம். கேள்வியின் ஒரு பாதி மருத்துவம். அதற்காக, என்னிடம் படித்து இன்று வைத்தியராக இருக்கும் ஒருவரிடம் போய் உட்கார்ந்து, புரியும்வரை கேட்டுக்கொண்டேன். மறு பாதி நம் வீடுகளைப் பற்றியது. அதைப் பேச எனக்கும் உரிமை உண்டு.

முதலில் முட்டை, பருப்பு விடயத்தை முடித்துவிடுவோம். நாம் உண்ணும் புரதம் வயிற்றில் சிறு சிறு துண்டுகளாக உடைந்துவிடுகிறது. அந்தத் துண்டுகளைக் கொண்டு, உடம்பிலுள்ள ஒவ்வொரு கலமும் தனக்கு வேண்டிய புரதங்களைத் தானே கட்டிக்கொள்கிறது. எதை எப்படிக் கட்டுவது என்ற குறிப்பு அந்தக் கலத்துக்குள்ளேயே, பரம்பரை அலகுகளில், அதாவது ஜீன்களில் எழுதப்பட்டிருக்கிறது. குறிப்பே பழுதாகிவிட்டால், எத்தனை முட்டை உடைத்துப் போட்டாலும் அந்தப் புரதம் உருவாகாது. நோயாளிக்கு நல்ல சாப்பாடு கொடுங்கள். அது வேறு காரணத்துக்காக.

சரி, அந்தப் புரதங்களுக்கு என்னதான் வேலை?

ஹிப்ழு மத்ரஸாவில் பிள்ளைகள் பாடம் கொடுப்பதைக் கேட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நன்றாக மனனமான பிள்ளையும் எங்கே தடுமாறும்? ஒன்றுபோலவே வரும் ஆயத்துகளில். ஓர் இடத்தில் தொடங்கி, அதே சொற்கள் வரும் இன்னோர் இடத்துக்குத் தாவிவிடும். அல்லது ஒன்றைத் திருப்பி ஓதிவிடும். எதிரே அமர்ந்திருக்கும் உஸ்தாத் விரலைத் தட்டி நிறுத்துவார். பிள்ளை பின்னால் போய்ச் சரியான இடத்திலிருந்து மீண்டும் ஓதும். நம் உடம்பிலும் இப்படியே ஓதலும் உண்டு, திருத்தலும் உண்டு.

ஒரு கலம் இரண்டாகப் பிரியும்போது, தன்னிடமுள்ள டி.என்.ஏ. என்ற நீண்ட எழுத்து இழையை முழுவதுமாகப் பிரதி எடுக்கிறது. உம்மாவிடமிருந்து வந்தது ஏறத்தாழ 300 கோடி எழுத்து, வாப்பாவிடமிருந்து வந்தது அதே அளவு. குடலின் உட்புறத் தோல் நாலைந்து நாட்களுக்கொரு முறை புதுப்பிக்கப்படுவதால், அங்கே இந்தப் பிரதியெடுப்பு ஓயாமல் நடந்துகொண்டேயிருக்கும். இவ்வளவு பெரிய பிரதியில் பிழை வராமலா இருக்கும்? குறிப்பாக, ஒரே எழுத்தோ இரண்டெழுத்தோ பத்து இருபது தடவை தொடர்ந்து வரும் இடங்களில் எழுத்துக் கூடும், குறையும். அப்போது எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 என்ற இரு புரதங்களும் ஜோடியாகச் சேர்ந்து, புதிதாக எழுதப்பட்ட இழையைப் பற்றிக்கொண்டு, பொருந்தாத எழுத்தைக் கண்டுபிடிக்கின்றன. உடனே எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2 என்ற இன்னொரு ஜோடி வந்து சேர்கிறது. பிழையான துண்டு வெட்டி நீக்கப்படுகிறது. அந்த இடம் மீண்டும் சரியாக எழுதப்படுகிறது. வேறு உஸ்தாத்களும் உடம்பில் உண்டு. ஆனால் இந்த வகைப் பிழையைத் திருத்துவோரில் முக்கியமானவர்கள் இந்த நால்வரே.

பக்டீரியாவில் தொடங்கி இந்தத் திருத்தத்தின் நுட்பத்தைப் படிப்படியாக விளக்கியவர் அமெரிக்காவின் போல் மொட்ரிச். டி.என்.ஏ. பழுதுபார்க்கும் முறைகளைக் கண்டறிந்ததற்காக 2015ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு அவருக்கும் வேறு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அந்த இருவரில் ஒருவரான அஸீஸ் சன்ஜார் துருக்கியில் பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் ஏழாமவர். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர், ஆனால் பிள்ளைகள் எல்லோரும் படிக்க வேண்டுமென்று உறுதியாக நின்ற பெற்றோர். நம் தாய்மாருக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

இனி, ஒரு தையற்காரப் பெண்ணின் கதைக்கு வாருங்கள். இந்தப் புரதத்தின் வரலாறு உண்மையில் அவரிடமிருந்துதான் தொடங்குகிறது.

1895ஆம் ஆண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் என்ற ஊர். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் நோயியல் ஆய்வாளராக இருந்த அல்ட்ரெட் வார்தின் என்பவரிடம் அந்தத் தையற்காரப் பெண் மனம் சோர்ந்து பேசினார். நானும் இளவயதிலேயே இறந்துவிடுவேன், என் குடும்பத்தில் பெரும்பாலோர் குடலிலோ வயிற்றிலோ கருப்பையிலோ புற்றுநோய் வந்துதான் போகிறார்கள் என்பதே அவருடைய கவலை. வேறொருவராக இருந்தால் ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பார். வார்தின் அப்படிச் செய்யவில்லை. அந்தப் பெண் சொன்னதைச் செய்தியாக எடுத்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகக் குடும்பத்தாரின் வயது, நோய், இறப்பு எல்லாவற்றையும் விசாரித்து எழுதத் தொடங்கினார். பிற்காலத்தில் அந்தப் பெண் சொன்னபடியே கருப்பைப் புற்றுநோயால் இறந்துபோனார். 1913இல் வார்தின் வெளியிட்ட கட்டுரையில் அந்தக் குடும்பத்துக்கு "ஜி குடும்பம்" என்று பெயர்.

சற்றுச் சிந்தித்துப் பாருங்கள் சகோதரிகளே! ஆய்வுகூடம் கண்டுபிடிக்காததை, படித்த வைத்தியர்கள் கவனிக்காததை, ஊசியும் நூலுமாக இருந்த ஒரு பெண் தன் குடும்பத்தைப் பார்த்தே தெரிந்துவைத்திருந்தார். யாருக்கு என்ன நோய், யார் எந்த வயதில் மௌத்தானார் என்ற கணக்கு நம் வீடுகளிலும் பெண்களிடம்தானே இருக்கிறது? ஆண்களைக் கேட்டால் "வயிற்று வருத்தம்" என்பதோடு நின்றுவிடும்.

வார்தினுக்குப் பின் அந்த ஆய்வு பல வருடங்கள் தூங்கிக் கிடந்தது. 1962இல் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஹென்றி லிஞ்ச் என்ற இளம் வைத்தியர், குடிப்பழக்கத்தால் அனுமதிக்கப்பட்டிருந்த நோயாளி ஒருவரிடம் ஏன் இப்படிக் குடிக்கிறீர்கள் என்று விசாரிக்க, எங்கள் குடும்பத்தில் எல்லோரும் குடற் புற்றுநோயில்தான் சாகிறார்கள், நானும் அப்படித்தான் சாவேன் என்ற அதே பதில் வந்தது. லிஞ்ச் அந்தக் குடும்பத்தைத் தேடிப் போனார். 1966இல் இத்தகைய இரண்டு குடும்பங்களைப் பற்றி எழுதினார். புற்றுநோய்க்குக் காரணம் சுற்றுச்சூழல்தான், பரம்பரை அல்ல என்று பலர் நம்பிய காலம் அது. அவருடைய ஆய்வுக்குப் பணம் கேட்ட விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. மனிதர் விடவில்லை. 2019இல் தமது 91ஆவது வயதில் இறக்கும்வரை குடும்பங்களைத் தேடிச் சென்றுகொண்டேயிருந்தார். இன்று இந்த நிலைக்கு லிஞ்ச் நோய்க்குறித்தொகுதி என்றே பெயர்.

ஆனால் காரணம் எது என்பது 1993 வரை தெரியவில்லை. அந்த ஆண்டில் பின்லாந்திலும் அமெரிக்காவிலும் இருந்த ஆய்வாளர்கள், இத்தகைய குடும்பத்தாரின் கட்டிகளில் வினோதமான ஒன்றைக் கண்டார்கள். ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்களிலெல்லாம் கட்டியின் டி.என்.ஏ.யில் எழுத்துகள் கூடியும் குறைந்தும் கிடந்தன. அதே நோயாளியின் இரத்தத்தில் அப்படி இல்லை. இதேவேளை, பாண் பொங்கவைக்கும் ஈஸ்ட் இருக்கிறதல்லவா, அதை ஆராய்ந்துகொண்டிருந்த வேறு சிலர், ஈஸ்டில் திருத்தும் புரதங்களைப் பழுதாக்கினால் இதே குழப்பம் வருகிறது என்று எழுதினார்கள். ஈஸ்டும் புற்றுநோயும் ஒரே மேசைக்கு வந்தன! அந்த டிசம்பரிலேயே எம்.எஸ்.எச்.2 என்ற ஜீனை இரண்டு குழுவினர் தனித்தனியே அடையாளம் கண்டார்கள். அடுத்த ஆண்டு எம்.எல்.எச்.1 பிடிபட்டது. பின்னர் தையற்காரப் பெண்ணின் வழித்தோன்றல்களைச் சோதித்தபோது, அந்தக் குடும்பத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஓடிவந்த பழுதும் எம்.எஸ்.எச்.2இல்தான் என்று உறுதியாயிற்று.

இப்போது அறிக்கையிலுள்ள அந்த வரிக்கு வருவோம்.

ஒவ்வொரு ஜீனும் நம்மிடம் இரண்டு பிரதி உண்டு. உம்மாவிடமிருந்து ஒன்று, வாப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதாகப் பிறந்தாலும் மற்றது வேலையைச் செய்துவிடும். அதனால்தான் இப்படிப் பிறந்தவர்கள் மற்றவர்களைப் போலவே வளர்கிறார்கள், ஓடியாடி வேலை செய்கிறார்கள். ஆனால் குடலிலோ கருப்பையிலோ ஏதோவொரு கலத்தில் அந்த நல்ல பிரதியும் கெட்டுவிட்டால், அந்தக் கலத்தில் திருத்துவதற்கு ஆளில்லை. பிழைமேல் பிழை சேர்கிறது. வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஜீன்களிலும் பிழை விழ, கட்டி தோன்றுகிறது. சாதாரணமாகக் குடலில் ஒரு சிறு முளை புற்றுநோயாக மாற ஏறத்தாழப் பத்து வருடம் எடுக்கும் என்பார்கள். இவர்களுக்கு இரண்டு மூன்று வருடங்களிலேயே மாறிவிடக்கூடும்.

வெட்டியெடுத்த கட்டியை மெழுகில் பதித்து, மிக மெல்லியதாகச் சீவி, இந்த நான்கு புரதங்களையும் தேடிப் பிடிக்கும் சாயத்தை இடுகிறார்கள். புரதம் இருந்தால் கலத்தின் கரு கபில நிறமாகத் தெரியும். இல்லாவிட்டால் நீலமாகவே நின்றுவிடும். பக்கத்திலுள்ள நல்ல கலங்கள் கபிலமாகவும் கட்டியின் கலங்கள் மட்டும் நீலமாகவும் இருந்தால், அதுவே "காணப்படவில்லை" என்பதன் பொருள். ஜோடியாக வேலை செய்பவை என்று சொன்னேன் அல்லவா? எம்.எஸ்.எச்.2 இல்லையென்றால் அதன் துணையான எம்.எஸ்.எச்.6உம் நிலைக்காது, தனியே நின்று அழிந்துவிடும். எனவேதான் அறிக்கையில் இரண்டு பெயர். பழுது பெரும்பாலும் ஒன்றில்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். புரதம் காணப்படவில்லை என்றாலே பரம்பரை நோய் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மேலைநாட்டுக் கணக்குப்படி, பெருங்குடற் புற்றுநோய் 100 இருந்தால் ஏறத்தாழ 15இல் இந்தத் திருத்தும் வேலை நின்றுபோயிருக்கும். அந்தப் பதினைந்திலும் மூன்றளவே பரம்பரையாக வந்தது. மிகுதியில் பெரும்பாலானவை, வயதானவர்களுக்கு எம்.எல்.எச்.1 ஜீன் கட்டிக்குள் மட்டும் மூடிக்கொண்டதால் வருபவை. பிள்ளைகளுக்கு அதனால் பயமில்லை. ஆனால் எம்.எஸ்.எச்.2உம் எம்.எஸ்.எச்.6உம் சேர்ந்து இல்லாமற்போய், நோயாளிக்கு 42 வயதுமாகி, உம்மாவும் மாமாவும் அப்படியே போயிருந்தால், பரம்பரை என்றே பலமாகச் சந்தேகிக்க வேண்டும். இரத்தப் பரிசோதனையில் ஜீனைப் பார்த்து அதை உறுதிசெய்வார்கள். கடிதம் எழுதிய சகோதரியின் வீட்டு டொக்டர் மற்றவர்களையும் வரச் சொன்னது இதற்காகத்தான்.

பழுதைச் சுமப்பவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர இரண்டில் ஒரு வாய்ப்பு. ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். வாப்பா வழியாகவும் வரும். "உம்மாவின் பக்கத்து நோய், நமக்கென்ன" என்று மாமியார் வீட்டில் சொல்லும் பேச்செல்லாம் இங்கே செல்லாது.

இனி, அந்த வரியால் நோயாளிக்கு என்ன பயன்? மிகப் பெரிய பயன் உண்டு. நோய் குடலைத் தாண்டிப் பரவாத இரண்டாம் கட்டத்தில் இருந்தால், வழக்கமாகத் தனியே கொடுக்கும் 5-எப்.யூ. வகை மருந்தால் இத்தகைய கட்டிகளுக்குப் பயனில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தேவையில்லாத வாந்தியும் சோர்வும் மிச்சம். மறுபக்கம், பிழை மலிந்த கட்டி என்பதே அதற்குப் பகையாகவும் முடிகிறது. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், திருத்தும் புரதம் இல்லாத கட்டிகளில் சராசரி 1782 பிழைகள். இருக்கும் கட்டிகளில் 73தான். பிழை கூடக்கூட, கட்டி நம் உடம்பின் நோயெதிர்ப்புப் படைக்கு அந்நியனாகத் தெரிகிறது. படையைக் கட்டிவைத்திருக்கும் கடிவாளத்தை அவிழ்த்துவிடும் மருந்தைக் கொடுத்தால் அது பாய்ந்து தாக்குகிறது. 2017இல் அமெரிக்காவில் இத்தகைய ஒரு மருந்துக்கு, கட்டி எந்த உறுப்பில் என்று பார்க்காமல் இந்தக் குறைபாட்டை மட்டும் பார்த்து அனுமதி வழங்கினார்கள். 2022இல் நியூயோர்க்கில், இந்தப் புரதக் குறைபாடுள்ள மலக்குடற் கட்டிக்கு இதே வகை மருந்தை ஆறு மாதம் கொடுத்து முடித்த முதல் 12 பேரிலும் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது. கத்தியுமில்லை, கதிர்வீச்சுமில்லை. 2025இல் அந்த எண்ணிக்கை 49 ஆகியும் ஒருவரிலும் மாற்றமில்லை. மருந்தின் விலையைக் கேட்டால் தலை சுற்றும் என்பது உண்மை. ஆனாலும் வைத்தியரிடம் கேட்பதற்காவது, கட்டியில் எது இல்லை என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

நோய் வராதவர்களுக்குள்ள பயனோ இதைவிடப் பெரிது. பின்லாந்தில் இத்தகைய 22 குடும்பங்களைச் சேர்ந்த 252 பேரை 15 வருடம் கவனித்தார்கள். 133 பேர் மூன்று வருடத்துக்கொரு முறை குழாய் செலுத்திக் குடலைப் பார்க்கும் பரிசோதனைக்கு உடன்பட்டார்கள். 119 பேர் அதைச் செய்துகொள்ளவில்லை. உடன்பட்டவர்களில் 8 பேருக்கே குடற் புற்றுநோய் வந்தது. மற்றவர்களில் 19 பேருக்கு. செய்துகொள்ளாதவர்களில் 9 பேர் அந்நோயால் இறந்தார்கள். ஒழுங்காக வந்தவர்களில் அந்நோயால் ஒருவர்கூட இறக்கவில்லை. முளையாக இருக்கும்போதே கண்டு, அந்தக் குழாயாலேயே அகற்றிவிடுவதுதான் இரகசியம். இப்போது இத்தகையவர்களுக்கு, ஜீனைப் பொறுத்து, 25 அல்லது 35 வயதளவிலிருந்தே இப்பரிசோதனையைத் தொடங்கச் சொல்கிறார்கள்; ஒன்றிரண்டு வருடங்களுக்கொரு முறை பார்ப்பது பல நாடுகளில் வழக்கம்.

அஸ்பிரின் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கிலாந்துப் பேராசிரியர் ஜோன் பேர்ன் தலைமையில், லிஞ்ச் நிலையுள்ள 861 பேரில் ஒரு பாதியினருக்கு நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் அஸ்பிரினும் மறுபாதியினருக்கு வெறும் மாக்குளிசையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் வெளியான பத்தாண்டுக் கணக்கில், அஸ்பிரின் எடுத்தவர்களில் 9 சதவீதமானோருக்கும் மற்றவர்களில் 13 சதவீதமானோருக்கும் பெருங்குடற் புற்றுநோய் வந்திருந்தது. நல்ல செய்திதான். ஆனால் இதை வாசித்துவிட்டு இன்றே பாமசிக்கு ஆள் அனுப்பாதீர்கள்! இரைப்பையில் இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடிய மருந்து அது. டெங்கு உலவும் நம் நாட்டில், காய்ச்சலோடு அஸ்பிரின் எடுப்பது உயிராபத்து. வைத்தியர் சொன்னால் மட்டும், அவர் சொன்ன அளவில் மட்டும்.

இப்போது பெண்களுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று. இந்தப் பழுதைச் சுமக்கும் பெண்ணுக்குக் கருப்பைப் புற்றுநோயின் அபாயம் குடற் புற்றுநோயின் அபாயத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல. எம்.எஸ்.எச்.2 பழுதானால் வாழ்நாளில் பாதிப்பேர்வரை அதற்கு ஆளாகலாம். பலருக்கு முதலில் வருவதே அதுதான்.

பெண்கள் என்னிடம் தொலைபேசியில் கேட்கும் கேள்விகளில் கணிசமானவை இரத்தப்போக்கு பற்றியவை. இது ஹைழா, இஸ்திஹாழாவா, தொழலாமா, நோன்பு பிடிக்கலாமா என்று கேட்பார்கள். அறபுக் கல்லூரியில் இவற்றை ஒரு பாடமாகவே படிக்கிறோம். வெட்கப்படாமல் கேட்கிறார்கள், வெட்கப்படாமல் சொல்கிறோம். ஆனால் இஸ்திஹாழா என்று சட்டம் சொன்னதோடு விடயம் முடிந்துவிடுமா? தொழுகைக்கு அது பதில். நோய்க்கு அது பதில் அல்ல. மாதவிடாய் நின்று வருடங்கள் கழித்து மீண்டும் இரத்தம் கண்டாலோ, இடையிடையே காரணமில்லாமல் கண்டாலோ, தொழுகைக்குச் சட்டம் கேட்ட அதே நாளில் வைத்தியரிடமும் போங்கள். இத்தகைய கேள்விகளுக்குப் பதில் சொல்லும் மௌலவிமாரும் கூடவே "டொக்டரைக் கண்டீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் நல்லது. சில வேளைகளில் அந்த இரத்தத்தைப் பற்றி முதலில் கேள்விப்படும் வெளியாள் அவர்தான்.

குடல் விடயத்தில் நம் வெட்கம் இன்னும் மோசமானது. மலத்தில் இரத்தம் கண்டால் "மூலம்" என்று நாமே பெயர் வைத்து, நாமே கை மருந்து செய்துகொள்கிறோம். மூலமாகவும் இருக்கலாம், பார்த்தவர் சொல்ல வேண்டும், பார்க்காதவர் அல்ல. லிஞ்ச் நிலையில் கட்டி பெரும்பாலும் குடலின் வலது பக்கத்தில் வருவதால், இரத்தம் கண்ணுக்குத் தெரியாமலே கசியும். வெளியே தெரிவது களைப்பும் மூச்சிரைப்பும் வெளிறிய முகமும் மட்டுமே. "ரத்தம் குறைவு" என்று மாதக்கணக்கில் இரும்புக் குளிசை விழுங்கும் எத்தனை உம்மாமார்கள்! குளிசை விழுங்கட்டும்; ஆனால் குறைந்த இரத்தம் எங்கே போயிற்று என்று யாராவது ஒருவர் கேட்க வேண்டும்.

இனிக் குடும்பத்துப் பெரியவர்களின் பேச்சு. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். மஹரகமைக்குப் போயிருக்கிறார் என்றாலே குரலைத் தாழ்த்திக்கொள்ளும் ஊர்களில் வாழ்ந்தவர்கள் அவர்கள். குமர் வீட்டுக்குள் இருக்கும்போது ஒரு சொல் வெளியே போனால் என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் கண்டவர்கள். ஆனால் ஊருக்குச் சொல்வது வேறு, இரத்த உறவுக்குச் சொல்வது வேறு. ஊரைக் கூட்டிச் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. நானா, தங்கச்சி, சாச்சி, மாமாவின் பிள்ளைகள் ஆகியோருக்கு இந்தச் செய்தி அவர்களுடைய சொத்து. அவர்களிடமிருந்து அதை மறைத்துவைக்க நமக்கு உரிமையில்லை. ஒரு மாதச் சீட்டுப் பணத்தை மறைத்தால் அமானிதத்துக்கு மோசம் என்கிறோமே!

"எல்லாம் நாயனின் நாட்டம், வருவது வரட்டும்" என்றும் சிலர் சொல்வார்கள். அந்தத் தையற்காரப் பெண் வருவது வரட்டும் என்று இருந்ததற்கு நியாயமிருந்தது. 1895இல் அவருக்கு வேறு வழி எதுவும் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. வழி இருக்கும்போது அதில் நடப்பதும் நாட்டத்துக்குள்தான் என்பதை மத்ரஸாவின் முதல் வருட மாணவரும் சொல்வார்.

கலியாணம் என்ற பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. மச்சான் மச்சினி முடிப்பது நம்மவர்களிடையே புதிதல்ல, மார்க்கத்தில் தடையுமில்லை. ஆனால் இந்தப் பழுது ஓடும் குடும்பத்தில், இருவரும் அதைச் சுமப்பவர்களாக அமைந்துவிட்டால், பிள்ளைக்கு இரண்டு பிரதியும் பழுதாகக் கிடைக்க நான்கில் ஒரு வாய்ப்புண்டு. அப்படிப் பிறக்கும் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே மூளையிலும் இரத்தத்திலும் குடலிலும் புற்றுநோய் வரும். அரிதுதான், ஆனால் சொந்தத்துக்குள் முடிக்கும் சமூகங்களில் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆகவே மூன்று குமர்ப் பிள்ளைகளின் நன்மைக்காக மறைக்கிறோம் என்பவர்கள், அந்தப் பிள்ளைகளைக் கொடுக்கப்போவது மாமியின் மகனுக்கா, மாமாவின் மகனுக்கா என்றும் யோசித்துப் பார்க்க வேண்டும். பிள்ளைக்குப் பழுது இருந்தாலும் கலியாணம் நின்றுவிட வேண்டியதில்லை. பரிசோதனை செய்து, காலத்துக்குக் காலம் பார்த்துக்கொண்டு, பிள்ளைகள் பெற்று வாழ்கிறவர்கள் ஏராளம். பிள்ளைப்பேறு முடிந்தபின் கருப்பையை அகற்றிக்கொள்வது பற்றியும் வைத்தியர்கள் பேசுவார்கள். பரிசோதித்துப் பழுது இல்லை என்று தெரிந்தாலோ, அந்தப் பிள்ளையும் அதன் பிள்ளைகளும் இந்தக் கவலையிலிருந்து முற்றாக விடுபட்டுவிடுவார்கள். மறைத்தால் அந்த நிம்மதியும் கிடைக்காது.

கடிதம் எழுதிய சகோதரிக்கும், இதே நிலையில் எழுதாமல் இருப்பவர்களுக்கும் இப்போது செய்யக்கூடியது இதுதான். ஒரு கொப்பித் தாளை எடுங்கள். உம்மும்மா, மூத்தவாப்பா தொடங்கி, இரு பக்கத்து உறவினரையும் வரிசையாக எழுதுங்கள். யாருக்கு எந்த உறுப்பில் நோய், எத்தனை வயதில் கண்டது, எத்தனை வயதில் மௌத்து. "வயிற்று வருத்தம்" என்று கேள்விப்பட்டவர்களையும் விடாமல் எழுதுங்கள். மூத்த மாமி, பெரியம்மா போன்றோரிடம் இப்போதே கேளுங்கள். அவர்களுக்குப் பின் இது யாருக்கும் தெரியாது. குறிப்பாக 50 வயதுக்குமுன் குடலிலோ கருப்பையிலோ வந்தவர்களைக் கோடிட்டுக் காட்டுங்கள். அந்தத் தாளையும் கட்டியின் அறிக்கையின் போட்டோப் பிரதி ஒன்றையும் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

குடும்பத்தில் ஏற்கனவே ஒப்பரேஷன் செய்தவர்கள் இருந்து, இந்த நான்கு புரதங்களையும் பார்த்தார்களா என்பது அறிக்கையில் இல்லாவிட்டால், "அதைப் பார்க்க முடியுமா?" என்று வைத்தியரிடம் கேளுங்கள். மெழுகில் பதித்த கட்டித் துண்டை ஆய்வுகூடங்கள் பல வருடங்களுக்குப் பத்திரப்படுத்தி வைப்பதுண்டு. நோயாளி மௌத்தாகியிருந்தாலும், அந்தத் துண்டு இருந்தால் அதிலிருந்து பார்க்கலாம். ஒப்பரேஷன் நடந்த ஆண்டும் வைத்தியசாலையின் பெயரும் அறிக்கையின் மேல் மூலையிலுள்ள இலக்கமும் அதற்குத் தேவைப்படும்.